ஆச்சி வீட்டு விறகடுப்பு... நிஜமாவே இலவசமா?

இன்ஸ்டாவில் விரலைத் தள்ளிக்கொண்டே போனால் பத்தில் ஒரு ரீல் இப்படித்தான் இருக்கும். மண் அடுப்பு, எரிகிற விறகு, மேலே கொதிக்கிற மீன் குழம்பு, பின்னணியில் ராஜா சார் பாட்டு. 'விறகடுப்பு பிரியாணி' என்று போர்டு வைத்தால் நான்குவழிச் சாலையில் கார்கள் தானாக ஓரம் கட்டுகின்றன. புதுக்கோட்டைப் பக்கத்து வயல்வெளியில் விறகு மூட்டிச் சமைத்தே 2021-ல் ஒரு கோடி சப்ஸ்க்ரைபர்களைத் தொட்டது 'வில்லேஜ் குக்கிங் சேனல்'. ஆக, விறகடுப்பு இப்போது நமக்கு ஒரு ரசனை.

இப்போ ஃபோனைக் கொஞ்சம் கீழே வெச்சுட்டு, உங்க ஆச்சி வீட்டை நினைச்சுப் பாருங்க. சேரன்மாதேவியோ, ஸ்ரீவைகுண்டமோ... தாமிரபரணிக் கரையில் ஏதோ ஒரு ஊர். அடுப்பாங்கரையில் கேஸ் அடுப்பு இருக்கும். அதன் மேல் ஒரு துணி மூடியிருக்கும். புறவாசலில், தகரக் கூரைக்குக் கீழே, கரி பிடித்த மூன்று கல். அங்கேதான் வெந்நி, அங்கேதான் உலை, அங்கேதான் கருவாட்டுக் குழம்பு.

"கேஸ் இருக்குல்லா ஆச்சி, எதுக்கு இந்தப் புகையில கெடந்து சாவுதிய?" என்று கேட்டிருப்பீர்கள். "விறகு சும்மா கெடக்குல்லா மக்கா, கேஸ் ரூவா குடுத்துல்லா வாங்கணும்" என்பதுதான் எல்லா ஆச்சிகளின் பதிலும்.

அந்த 'சும்மா' என்ற வார்த்தையைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

மலையிலிருந்து குளத்துக்கு இறங்கிய விறகு

திருநெல்வேலி, குளிருக்கு நெருப்பு மூட்டுகிற ஊர் இல்லை. பாளையங்கோட்டையில் கோடை வெயில் சர்வசாதாரணமாக 40 டிகிரியைத் தொடும். இங்கே விறகு என்றால் சோறு, வெந்நீர், நெல் அவிப்பு, பதநீர் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டி, கல்யாண வீட்டுக் கோட்டையடுப்பு. அல்வாக் கடைகளின் கடாய்க்கு அடியில்கூட பல இடங்களில் இன்னும் விறகுதான்.

இந்த விறகு எங்கிருந்து வந்தது? முன்பு ஒரு பெரிய பங்கு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வந்தது. களக்காடு, பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கத்து மலையடி ஊர்களில் பெண்கள் விடியும் முன்பே அரிவாளும் கயிறுமாகக் கிளம்பி, காட்டுக்குள் ஏறி, தலையில் சும்மாடு வைத்து விறகுக்கட்டைச் சுமந்து இறங்குவார்கள். பாதி வீட்டுக்கு, பாதி விற்பனைக்கு. 1988-ல் களக்காடு, முண்டந்துறை இரண்டு சரணாலயங்களும் ஒன்றாகி தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் ஆனபோது, இந்தத் தலைச்சுமைதான் வனத்துறையின் முக்கியக் கவலைகளில் ஒன்று.

வெறுமனே வழக்குப் போட்டுத் தடுக்க முடியாது என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. 1995-ல் தொடங்கிய உலக வங்கி நிதியுதவித் திட்டத்தில், மலையடி ஊர்களில் கிராம வனக்குழுக்கள் அமைத்தார்கள். விறகு சுமந்த பெண்களுக்கு வேறு தொழில் தொடங்கச் சின்னச் சின்னக் கடன், சாண எரிவாயு, விறகைக் குறைவாகத் தின்னும் அடுப்பு என்று கொடுத்தார்கள். காட்டுக்குள் போகும் கால்கள் குறைந்தன. 'போகாதே' என்பதோடு நிறுத்தாமல், 'இதை வெச்சுக்கோ' என்றும் சொன்னதால் வந்த மாற்றம் அது. இந்த விஷயத்தை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க. பின்னால் தேவைப்படும்.

மலை விறகு குறைந்த காலத்தில், சமவெளியில் ஒரு மரம் கேட்காமலே வளர்ந்து நின்றது. சீமைக் கருவேலம். ஊருக்கு ஊர் பேர் மாறும்: வேலிக்காத்தான், சீமை உடை. நடுவதற்கு ஆள் வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். வெட்டினால் மறுபடி துளிர்க்கும். குளத்துக்குள், ஆற்றங்கரையில், தரிசில், எங்கே பார்த்தாலும் இதுதான். ஆச்சியின் 'சும்மா கெடக்கு' என்பது இந்த மரத்தைத்தான்.

வில்லனா, விறகுக் கடையா?

சீமைக் கருவேலத்தின் சொந்த ஊர் மெக்சிகோ, கரீபியன், தென் அமெரிக்காவின் வறண்ட பகுதிகள். 1877 வாக்கில் விதைகள் இந்தியாவுக்கு வந்தன. வந்ததற்கான காரணங்களில் ஒன்றே விறகுத் தட்டுப்பாடுதான். பஞ்சம் பார்த்த மண்ணில் ஏழைக்கு எரிக்க ஏதாவது வேண்டும் என்று கொண்டு வந்த மரம். வேலை முடிந்தும் ஊருக்குப் போகாத விருந்தாளி மாதிரி இங்கேயே தங்கிவிட்டது. காய் இனிப்பாக இருப்பதால் ஆடு, மாடு விரும்பித் தின்னும். சாணத்தில், புழுக்கையில் விதை ஊர் ஊராகப் போகும். குளத்துக்குள் புகுந்தால் தண்ணீர் நிற்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும். தன் நிழலில் மற்ற செடிகளை எளிதில் வளர விடாது.

அதனால்தான் 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தென் மாவட்டங்களில் இந்த மரத்தை வேரோடு அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. மண்வெட்டியும் கையுமாக ஊர் ஊராக இளைஞர்கள் இறங்கினார்கள். சில மாதங்களிலேயே சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு, அறிவியல் ஆய்வு இல்லாமல் வெட்டுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பிறகு வழக்கு பல கட்டம் தாண்டி, 2022-ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றுவதோடு, அந்த இடத்தில் நம் மண்ணின் மரங்களை மீட்பதும் அதில் சேர்த்தி.

இதற்கு நடுவில் வாட்ஸ்அப் தன் வேலையைக் காட்டியது. 'இந்த மரம் ஆக்சிஜனே தராது', 'காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கும்' என்ற ஃபார்வேர்டு உங்களுக்கும் வந்திருக்கும். பச்சை இலை உள்ள எந்த மரமும் ஒளிச்சேர்க்கை செய்யும், ஆக்சிஜனைத் தரும். இதுவும் அப்படித்தான். இதன் மேல் சொல்ல வேண்டிய நியாயமான குற்றச்சாட்டுகளே நிறைய இருக்கும்போது, பொய்க் குற்றச்சாட்டு எதற்கு?

இன்னொரு சிக்கல், ஆள் மாறாட்டம். நம்ம ஊர் நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாலை மாதிரி இடையிடையே இறுகி இருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சளாக, விரல் நீளத்துக்குக் கதிர் போலத் தொங்கும். நெல்லை, தூத்துக்குடி செம்மண் காடுகளில் குடை விரித்த மாதிரி நிற்கிற உடை மரம் நம்ம மண்ணின் சொந்தக்காரன். அரிவாளை எடுக்கும் முன் யார் யார் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இத்தனை விவாதத்திலும் பெரிதாகப் பேசப்படாத ஒருத்தர் உண்டு. அந்த மரத்தை நம்பி உலை வைக்கிறவர். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் ஒரு புறம். குளத்துக் கரையில் ரெண்டு கொப்பை ஒடித்து வந்து வெந்நீர் வைக்கிற ஆச்சி இன்னொரு புறம். விறகுக்காக வெட்டினால் இந்த மரம் ஒழியும் என்று நினைக்கவும் வேண்டாம். மேலே வெட்ட வெட்ட, அடிக்கட்டையிலிருந்து நாலு கிளையாகக் கிளம்பும். வேரோடு பிடுங்கினால்தான் போகும். பிடுங்கியாச்சுன்னா, நல்லதுதான். ஆனால் அடுத்த நாள் காலையில் அந்த அடுப்பில் எதை வைப்பது?

ஒரு சிலிண்டருக்கு எத்தனை கிலோ விறகு?

வாங்க, ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கால்குலேட்டர் கையில்தானே இருக்கு?

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். ஒரு கிலோவில் ஏறத்தாழ 11,000 கிலோ கலோரி வெப்பம். கேஸ் அடுப்பில் அதில் சுமார் 60 சதவிகிதம் பாத்திரத்தில் ஏறும். ஆக, ஒரு சிலிண்டர் உண்மையில் கொடுப்பது சுமார் 94,000 கிலோ கலோரி.

நன்றாகக் காய்ந்த விறகில் கிலோவுக்கு 4,500 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்வோம். ஆனால் மூன்று கல் அடுப்பில் நெருப்பு நாலு பக்கமும் ஓடும். பாத்திரத்தில் ஏறுவது 10 முதல் 15 சதவிகிதம்தான். 12 என்று வைத்தால், ஒரு கிலோ விறகு நமக்குத் தருவது 540. மீதி எல்லாம் காற்றைச் சூடாக்கி, ஆச்சியின் முகத்தைச் சுட்டுவிட்டுப் போகிறது.

வகுத்துப் பாருங்கள். ஒரு சிலிண்டருக்குச் சமமாக வேண்டிய விறகு, சுமார் 173 கிலோ.

2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியபோது சென்னையில் வீட்டு சிலிண்டரின் விலை 868 ரூபாய் 50 காசு. அதை 173-ஆல் வகுத்தால், கிலோவுக்கு 5 ரூபாய். அதாவது, உங்க ஊர் விறகுக் கடையில் கிலோ 5 ரூபாய்க்கு மேல் விற்றால், கேஸில் சமைப்பதுதான் மலிவு! காசு கொடுத்து வாங்கினால் விறகு ஒன்றும் அவ்வளவு சல்லிசு இல்லை.

அப்புறம் எப்படி ஆச்சிக்கு விறகு லாபமாகத் தெரிகிறது? பொறுக்குகிறவருக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, அவ்வளவுதான். தலைச்சுமை ஒன்று 25 கிலோ என்றால், 173 கிலோவுக்கு ஏழு சுமை. போய், வெட்டி, முள் கழித்து, கட்டி, தூக்கி வர ஒரு சுமைக்கு அரை நாள் என்றாலும், மூன்றரை நாள் உழைப்பு. 2025-26-ல் 100 நாள் வேலைக்கு தமிழகத்தில் நிர்ணயித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். மூன்றரை நாளுக்கு 1,176 ரூபாய். சிலிண்டரை விடவே 300 ரூபாய் அதிகம். செருப்பைத் துளைத்து காலில் ஏறுகிற கருவேல முள்ளுக்கு இதில் கணக்கே இல்லை.

300 ரூபாய் யாருக்கு?

'சரி, அப்போ கேஸ்லயே சமைக்க வேண்டியதுதானே?' என்று கேட்பது சுலபம். ஆனால் விறகை அரை அரை நாளாகக் கொடுத்து வாங்கலாம். சிலிண்டருக்கு மொத்தப் பணத்தையும் ஒரே நாளில், ஒரே கையில் நீட்ட வேண்டும். தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்ட்டில் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அதை மட்டுமே நம்பி இருந்த ஒருவர் 2025 ஏப்ரல் விலையில் சிலிண்டர் வாங்கிய மாதத்தில், கையில் மிஞ்சியது 330 ரூபாய் சொச்சம். மருந்து, மளிகை எல்லாம் அதற்குள். அதனால்தான் கேஸ் அடுப்பின் மேல் துணி மூடியிருக்கிறது. மழை நாளுக்கு, விருந்தாளிக்கு, நீங்கள் ஊருக்கு வரும் நாளுக்கு என்று அது சேமித்து வைக்கப்படுகிறது.

விலையும் நிலையாக நிற்கவில்லை. 2023 மார்ச்சில் சென்னையில் 1,118 ரூபாய் 50 காசு. ஆகஸ்ட் கடைசியில் 200 குறைந்தது, 2024 மார்ச்சில் இன்னும் 100 குறைந்தது, 2025 ஏப்ரலில் 50 ஏறியது. அடுத்த மாதம் என்ன விலை என்று தெரியாத ஒரு பொருளை நம்பி எந்த ஆச்சியும் விறகுக் கட்டைத் தூக்கிப் போட மாட்டார்.

2016 மே மாதம் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வலா திட்டம், இதுவரை நாடு முழுக்க 10 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளைக் கொடுத்திருக்கிறது. 2023 அக்டோபரிலிருந்து அந்தப் பயனாளிகளுக்கு சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம். நல்ல உதவிதான். அப்படியும் 2024-25-ல் ஓர் உஜ்வலா குடும்பம் வாங்கியது சராசரியாக நாலரை சிலிண்டர்தான். வருஷம் முழுக்க அதில் ஓடாது என்பது சமைக்கிற யாருக்கும் தெரியும். மீதி நாளுக்கு? விறகு.

தமிழகத்துக்கு மட்டும் இதில் ஒரு தனி முடிச்சு இருக்கிறது. இங்கே 2007-லேயே மாநில அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் இணைப்பும் அடுப்பும் கொடுக்கத் தொடங்கிவிட்டது. உஜ்வலாவின் அடிப்படை விதி, வீட்டில் ஏற்கெனவே கேஸ் இணைப்பு இருக்கக் கூடாது என்பது. ஆக, முன்கூட்டியே இணைப்புப் பெற்ற நம்ம ஊர் ஏழைக் குடும்பம், அந்த 300 ரூபாய் வரிசைக்கே போக முடியாது. முதலில் வந்தவருக்கு முழு விலை, பிறகு வந்தவருக்கு மானியம்!

2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் சுமார் 83 சதவிகிதக் குடும்பங்கள் தூய எரிபொருளில் சமைக்கின்றன. இந்திய அளவில் இது 59 சதவிகிதத்தை ஒட்டித்தான். பெருமைப்படலாம். ஆனால் அந்தக் கணக்கு கேட்பது, 'முக்கியமாக எதில் சமைக்கிறீர்கள்' என்று. 'கேஸ்' என்று பதில் சொல்கிற வீட்டின் புறவாசலில் எரிகிற வெந்நீர் அடுப்பு அதில் விழாது.

புகைக்கு யார் பில் போடுவது?

ரீலில் அழகாகச் சுருண்டு மேலே போகிற அந்தப் புகையில் இருப்பவை கார்பன் மோனாக்சைடும், மூக்கு மயிருக்கும் தொண்டைக்கும் டிமிக்கி கொடுத்து நுரையீரலின் அடிவரை போகிற பி.எம். 2.5 நுண்துகள்களும். வீட்டுக்குள்ளான காற்று மாசால் 2020-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அதில் 2.37 லட்சம் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். வாழ்க்கையில் ஒரு பீடியைக்கூடத் தொடாத ஒரு பாட்டிக்கு, புகைபிடிப்பவருக்கு வருகிற அதே நுரையீரல் அடைப்பு நோய் வருவது இப்படித்தான். 'வயசாச்சு, இளைப்பு வரத்தான் செய்யும்' என்று நாமும் கடந்துவிடுகிறோம்.

இதைச் சரிசெய்ய முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1980-களில் மத்திய அரசு 'புகையில்லா அடுப்பு' என்று புகைபோக்கி வைத்த அடுப்புகளைக் கோடிக்கணக்கில் பரப்பியது. கட்டிக் கொடுத்ததோடு சரி, புகைபோக்கியில் கரி அடைத்தபோது சுத்தம் செய்யச் சொல்லித்தர, உடைந்தபோது சரிசெய்ய ஆள் இல்லை. பல வீடுகளில் அது பழையபடி புகை அடுப்பானது. களக்காடு மலையடியில் பலன் கிடைத்ததற்கும் இங்கே கிடைக்காததற்கும் வித்தியாசம் ரொம்பச் சின்னது. அங்கே கொடுத்த பிறகும் கூடவே நின்றார்கள்.

சீமைக் கருவேலத்தை அகற்றும் வேலைக்கும் இதே பாடம்தான். ஒரு குளத்தைச் சுத்தம் செய்யும் பட்டியல் போடும்போதே, அந்தக் குளத்து விறகை எரிக்கிற வீடுகளின் பட்டியலையும் எடுக்கலாம். பிடுங்கிய மரத்தை ஏலம் விட்டு வரும் பணத்தில் ஒரு பங்கை, அந்த வீடுகளின் சிலிண்டருக்குத் திருப்பலாம். மரம் போகும், அடுப்பும் அணையாது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது...

அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும். உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம்.

வெந்நீர்க் கணக்கைச் சொல்லுங்கள்: 20 லிட்டர் வாளித் தண்ணீரை இதமான சூட்டுக்குக் கொண்டுவர கேஸில் ஆகும் செலவு, மேலே போட்ட அதே கணக்குப்படி சுமார் 3 ரூபாய். இதைச் சொன்னால் பல ஆச்சிகள் நம்ப மாட்டார்கள். போட்டுக் காட்டுங்கள்.

விறகைக் காய வையுங்கள்: அப்போதே வெட்டிய பச்சை மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீராக இருக்கலாம். அதை ஆவியாக்கவே வெப்பம் போய்விடும். புகையும் அதிகம். சித்திரை, வைகாசி வெயிலில் பிளந்து அடுக்கி, ஐப்பசி மழைக்கு முன் கூரைக்குள் ஏற்றினால் நல்லது. ரெண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் 'டக்' என்று கணீரெனக் கேட்க வேண்டும். 'தொப்' என்றால் இன்னும் காயவில்லை.

மூன்று கல்லை மாற்றுங்கள்: நெருப்பைச் சுற்றிச் சுவர் உள்ள அடுப்பு, கூடவே கொடியடுப்பு, மேலே புகைபோக்கி. வெப்பம் பாத்திரத்தில் ஏறுவது 25 சதவிகிதம் ஆனாலே விறகு பாதிக்குப் பாதி மிச்சம். அதாவது, ஏழு சுமை மூன்றரைச் சுமை ஆகும். புகைபோக்கியைச் சுத்தம் செய்யும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதையெல்லாம் எரிக்கக் கூடாது: அடுப்புப் பற்றவைக்க பாலித்தீன் பை, பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட் துண்டு எதுவும் வேண்டாம். பனை ஓலை, தென்னஞ் சில்லாட்டை, சிரட்டை எதற்கு இருக்கிறது?

மூடிய அறையில் கங்கு வேண்டவே வேண்டாம்: இது ஆச்சிக்கு அல்ல, உங்களுக்கு. நண்பர்களோடு மலைக்கு டூர் போய், பார்பிக்யூ முடிந்த பிறகு 'குளிருது மச்சி' என்று கரிக் கங்கை அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொடைக்கானலில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

சின்ன சிலிண்டர் கேளுங்கள்: வீட்டு உபயோகத்துக்கு 5 கிலோ சிலிண்டரும் உண்டு. பெரிய சிலிண்டருக்கான பணத்தை ஒரே நாளில் புரட்ட முடியாதவர்களுக்கு அது தோதாக இருக்கும். ஏஜென்சியில் விசாரித்துப் பாருங்கள். உஜ்வலா இணைப்பாக இருந்தால், மானியம் வங்கிக் கணக்கில் விழுகிறதா என்றும் பார்த்துக்கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆச்சியின் கேஸ் புத்தகத்தில் ஒரு நுகர்வோர் எண் இருக்கும். அதை உங்கள் ஃபோனில் ஏற்றிக்கொண்டால், சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்தபடியே சிலிண்டர் புக் செய்து, பணமும் கட்டிவிடலாம். ரெண்டு நிமிஷ வேலை. நாலு பேர் சேர்ந்து ஹைவேயில் சாப்பிடுகிற ஒரு விறகடுப்பு பிரியாணியின் பில்லை விடக் குறைவாகத்தான் வரும்.

சிலிண்டர் வந்து இறங்கியதும் ஆச்சியிடமிருந்து ஃபோன் வரும். "எதுக்குல இந்த வீண் செலவு?" என்று நாலு வார்த்தை திட்டுவார்கள். வாங்கிக்கோங்க. அடுத்த தடவை பேசும்போது இருமல் எப்படி இருக்குன்னும் கேளுங்க.